இயற்கை க்ரீமும் சம்பந்தியம்மாவின் பல்வலியும்

1

என் மகள் ப்ரீத்திக்குப் பதின்மூன்று வயது. போன சனிக்கிழமை மாலுக்குப் போய்விட்டு வந்தவள் கையில் ஒரு சின்னக் கண்ணாடி டப்பா. மூடியில் பச்சை இலை. இந்த ஊரில் இப்போதெல்லாம் எதை விற்றாலும் அதன் தலையில் ஒரு பச்சை இலையைப் போட்டுவிடுகிறார்கள். இலை வந்ததும் விலை இரண்டு மடங்காகிவிடும்.

“அம்மா, இட்ஸ் டோட்டலி ப்யூர். நோ கெமிக்கல்ஸ்” என்றாள். வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்று நாங்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். அதை மதித்து, “ஒண்ணும் கலக்கல” என்று கடைசியில் ஒரு வாலையும் ஒட்டினாள்.

நான் டப்பாவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூடியிலிருந்து அடிப்பக்கம் வரை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பிறகு நேராகப் போய் ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்கும் மோருக்கும் நடுவில் வைத்தேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “விடு ப்ரீத்தி, உங்கம்மா ஒரு தடவை சூடு பட்டவ” என்றார்.

சூடு பட்டது நானில்லை, அதுதான் கொடுமை. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் ஏற்கனவே கோயமுத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். என் வாயாலும் ஒரு தடவை வரட்டும்.

2

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான். நியூஜெர்சிக்கு வந்த பிறகு அந்தப் படிப்பை யாரும் சீந்தவில்லை. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை கிடைத்தது. பாலிசியின் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருக்குமே, அதைப் படித்து, ‘உங்களுக்குப் பணம் கிடையாது’ என்று மரியாதையாகத் தெரிவிக்கும் வேலை. ஆக, ரசாயனமும் தெரியும், பொடி எழுத்தும் தெரியும். என்னை ஒரு டப்பா ஏமாற்றிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் கை கால் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சொறிந்தால் கோடு விழுந்தது. அப்போதுதான் கடை கடையாக ஏறி க்ரீம் தேட ஆரம்பித்தேன். தேடிய வேகத்தில் பெரிய ஞானியாகிவிட்டேன். ‘தோல் டாக்டர் சோதித்தது’ என்று போட்டிருக்கும். சோதித்தார், சரி; பாஸ் போட்டாரா? அது எங்கும் இருக்காது. ‘மணமற்றது’ என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு நாற்றத்தை அமுக்க இன்னொரு மணத்தைச் சேர்த்திருப்பார்கள். ‘முழுக்க இயற்கை’ என்பார்கள். அரளி விதையும் முழுக்க இயற்கைதான், அரைத்துக் குடித்துப் பாருங்கள். ‘கெமிக்கல் இல்லை’ என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தண்ணீரே ஒரு கெமிக்கல்தானே, அப்புறம் டப்பாவுக்குள் என்னதான் இருக்கிறது?

இப்படியெல்லாம் கேலி பேசிக்கொண்டிருந்தவள், ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஆரோக்கிய உணவுக் கடை திறந்ததும் கவிழ்ந்துவிட்டேன். அங்கே ஓட்ஸும் தேன்மெழுகும் பாதாம் எண்ணெயும் போட்ட ஒரு க்ரீம் இருந்தது. கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து எதுவும் சேர்க்கவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஆறே பொருள், எல்லாம் எனக்குத் தெரிந்த பொருள். அடடா, உலகத்தில் ஒரு நல்லவனாவது இருக்கிறானே என்று மனசு நிறைந்துபோனது.

அந்த வருஷம்தான் கிரீன் கார்டு என்கிற பச்சை அட்டை வந்தது. அதற்கு முன்னால் நான்கு வருஷம் ஊர்ப் பக்கம் போக முடியவில்லை. விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியுமோ முடியாதோ என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார். அட்டை வந்ததும் டிசம்பருக்கு டிக்கெட் போட்டேன். ஊருக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம் என்று அந்தக் கடைக்குப் போனால், என் அதிர்ஷ்டம், அதே க்ரீம் பாதி விலை! ஆறு டப்பா அள்ளினேன். நல்ல சாமானைப் பாதி விலைக்கு ஏன் தள்ளுகிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பாதி விலை என்று சொல்லும் சிவப்பு ஸ்டிக்கர் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்தது. அதை அப்படியே ஊருக்குக் கொண்டுபோக முடியுமா? வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அத்தனை பேரும் புறப்படுவதற்கு முந்தின நாள் செய்வதை நானும் செய்தேன். சமையல் மேடையில் ஆறு டப்பாவையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, கடைசியில் நெயில் பாலிஷ் அழிக்கும் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. ஸ்டிக்கரோடு சேர்ந்து அதற்கு அடியில் இருந்த நாலு வரிப் பொடி எழுத்தும் போய்விட்டது. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

3

என் அக்கா வீடு கணபதியில் இருக்கிறது. மாமா பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையும் வீடும் ஒரே காம்பவுண்டு. அவர்களுடைய ஒரே பெண் கவிதா. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த டிசம்பரில் நான் கொடுத்த லெக்சரை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. “ஏனுங்கக்கா, இங்க விக்கற க்ரீமெல்லாம் மெழுகும் மண்ணெண்ணெய் வம்சமும்தான். இதுல ஒரு கலப்படமும் கெடையாது. செண்டுகூடப் போடல” என்று நீட்டி முழக்கி, ஆறில் இரண்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அக்கா டப்பாவைக் கையில் வாங்கி, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “இத்தன நல்லதுங்கற, சும்மா பூசித் தீக்கறதா? நோம்பி விசேசம்னு வந்தா ஆகட்டும்” என்று உள்ளே கொண்டுபோனாள். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

4

ஒன்றரை வருஷம் கழித்து, தொண்ணூற்றாறு ஆவணியில், கவிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெருந்துறைப் பக்கம். தோட்டங்காடு உள்ள குடும்பம், பையன் அங்கேயே தொழிற்பேட்டையில் நல்ல வேலையில் இருந்தான். ப்ரீத்தியோடு ஒரு வாரம் முன்னதாகவே போய் இறங்கினேன். “அமெரிக்காச் சித்தி வந்துபோட்டாங்க, இனி மேக்கப் எல்லாம் அவங்க பொறுப்பு” என்று கவிதா வந்திருந்த ஒரம்பரைச் சொந்தங்கள் முன்னால் சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா பீரோவைத் திறந்து, பட்டுச் சேலைகளுக்கு அடியில் கையை விட்டு அந்த டப்பாவில் ஒன்றை எடுத்தாள். “நீ குடுத்தது அம்மணி. இவ கல்யாணத்துக்குன்னு தொடாம வெச்சிருக்கறேன்.”

கோயமுத்தூரின் இரண்டு சித்திரை வெயிலை அந்தப் பீரோவுக்குள் இருந்தபடியே பார்த்த க்ரீம் அது. மூடியைத் திறந்ததும் கவிதா மூக்கைச் சுளித்தாள்.

“சித்தி, புளிச்ச மோராட்டம் வாசம் அடிக்குதுங்க.”

“அதுதான் கண்ணு இயற்கை வாசனை. செண்டு போட்டு ஏமாத்தற சரக்கா இது? நல்லா அப்பிப் பூசு.”

புளித்த வாசம் அடித்தால் மோர்கூடக் கெட்டுவிட்டது என்று தெரிந்துகொள்கிற மூக்கு அவளுக்கு இருந்தது. என் படிப்பு அந்த மூக்கை அடக்கிவிட்டது.

காலையில் கவிதா என்னை எழுப்பினாள். “சித்தி, எரியுதுங்க” என்றாள். ஜன்னலைத் திறந்து பார்த்தால் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாகச் சிவந்து, ரவையைத் தூவினதுபோல் பொரிந்து கிடந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அழகு போனதே என்று அவள் உட்காரவில்லை. மாமாவின் சித்தப்பா மகள் ஒருத்திக்கு முழங்கையில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. பால் கொதித்துச் சிந்தின தழும்பு. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, தோல் வியாதியை மறைக்கிறார்கள் என்று நிச்சயமான கல்யாணத்தை முறித்துக்கொண்டு போனார்கள். எத்தனை எடுத்துச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வரன் அமைய எத்தனையோ வருஷம் ஆனது. அக்கா அந்தத் தழும்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி ஊட்டுல பாத்தா என்ன சொல்லுவாங்க? என்ற புள்ள வாழ்க்க போச்சே சுமதி” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

5

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் ஆட்டோ பிடித்து ஓடினோம். அவர் கவிதாவின் முகத்தைப் பார்த்தார், டப்பாவைத் திறந்து முகர்ந்தார், உடனே மூடினார்.

“கெட்டுப்போச்சுங்க இது.”

“அமெரிக்காவுல இருந்து கொண்டாந்ததுங்க டாக்டர்” என்றாள் அக்கா, அந்த நிலைமையிலும் என்னை விட்டுக்கொடுக்காமல்.

“அமெரிக்காவுல இருந்து வந்தா கெடாதுங்களா? தேதி எங்கீங்க போட்டிருக்குது?” என்று டப்பாவைக் கவிழ்த்தார். அடியில் நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கின இடம் இருந்தது. “யாரோ சுரண்டிப்போட்டாங்களே” என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை, ஐந்தாறு நாளில் தானாக அடங்கிவிடும் என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

இந்த மாதிரிச் சாமான்களெல்லாம் லேபிளில் சொன்னபடி இருக்கிறதா என்று இங்கே பத்திரிகைகளில் எழுதி எழுதி மாய்கிறார்கள். என் க்ரீம் இருந்தது ஐயா, அட்சரம் பிசகாமல் இருந்தது! கெடாமலிருக்க எதுவும் சேர்க்கவில்லை என்றான், சேர்க்கவில்லை. அதனால் கெட்டது. ஃப்ரிட்ஜில் வையுங்கள், இத்தனை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்றும் அடியில் எழுதித்தான் வைத்திருந்தான். தேதி நெருங்கியதால்தான் பாதி விலைக்கும் தள்ளினான். அடுத்த முறை அந்தக் கடைக்குப் போய் புதுசு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. அவனிடத்தில் ஒரு பொய் இல்லை. நானும் லேபிளில் சிலதைத்தான் படிக்கிற ஆள் என்பதுதான் பிரச்சினை.

6

வீடு வந்து சேர்ந்தால் மாமா முகத்தில் ஈயாடவில்லை. பெருந்துறையிலிருந்து போன் வந்திருக்கிறது. சாயந்தரம் சம்பந்தியம்மா வருகிறார். முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணிடம் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம்.

“க்ரீம்தான்னு சொல்லிப்போடலாமுங்க மாமா” என்றேன்.

“அன்னைக்கு பால் கொட்டுனதுன்னு சொன்னமே, நம்புனாங்களா?” என்றார் மாமா.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. படித்தவளுக்கு வரக்கூடிய யோசனைதான். எடுத்தேன் அந்த டப்பாவை, அப்பினேன் என் முகத்தில். எனக்கும் அதேமாதிரி வீங்கினால் க்ரீம்தான் காரணம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாமே! க்ரீம் காய்வதற்குள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், “சாமி, எப்படியாவது என் மூஞ்சி வீங்கோணும்” என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். அந்தப் பிள்ளையாரிடம் அப்படி ஒரு கோரிக்கை அதற்கு முன் வந்திருக்காது. மணிக்கொரு தரம் கண்ணாடி பார்த்தேன். ஒரு பொரி? ஒரு சிவப்பு? ம்ஹூம். போதாததற்கு மாமா பட்டறையிலிருந்து வந்தவர், “என்னம்மிணி, மூஞ்சி பளிச்சுனு இருக்குது” என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சாயந்தரம் வேன் வாசலில் வந்து நின்றதும் மாமா ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஜன்னலையெல்லாம் அக்கா ஏற்கனவே சாத்தியிருந்தாள். கவிதா உள்ளறையில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா புடவைத் தட்டோடு வந்தார். அவரும் முக்காடு போட்டு, முந்தானை நுனியால் கன்னத்தை அமுக்கிப் பிடித்திருந்தார்.

“கரண்ட் போயிருச்சுங்க” என்றாள் அக்கா. பட்டறையின் கடைசல் லேத்துக்குத் தனி மின் இணைப்பு. அது பாட்டுக்கு அடுத்த சுவரில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. “பரவால்லீங்க, நல்லதாப் போச்சு. எனக்குப் பல்வலி. வெளிச்சம் பட்டாலே கூசுது” என்றார். பல்வலிக்கு வெளிச்சம் என்ன செய்யும் என்று கேட்கிற நிலைமையில் நாங்கள் யாரும் இல்லை.

இருட்டில் பேச்சு நடந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார், கவிதா மடியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். “ஏங் கண்ணு தலயே நிமுத்த மாட்டீங்கற?” என்று அவர் கேட்டதும் கவிதாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் அழுகிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்தது? நான் சொன்னதைக் கேட்டது ஒன்றுதானே? தனக்கு வரப்போகிற மாமியார் முன்னால், தன் வீட்டுக்குள்ளேயே, ஒரு திருடியைப்போல முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும், இப்படி ஒளித்து வைத்து நடத்த வேண்டாம் என்று எழுந்தேன். மாமா தடுப்பதற்குள் போய் மெயின் ஸ்விட்சைப் போட்டேன்.

ட்யூப்லைட் இரண்டு தரம் மினுக்கி எரிந்தது. கவிதா நிமிர்ந்தாள். திடுக்கிட்டுத் திரும்பின சம்பந்தியம்மாவின் கையிலிருந்து முந்தானை நழுவியது. அவர் கன்னம் இரண்டிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு, அதே ரவை.

அக்கா தன் தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, நிச்சயத் தட்டுல ஒரு டப்பா வெச்சனே!”

சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தக் கருமத்தால வந்ததுங்களா இது? கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்து நேத்துதான் பூசினேன். இந்த வயசுல மூஞ்சிக்குக் க்ரீம் பூசுனேன்னு எப்படிங்க வெளிய சொல்றது? ஊட்டுல கம்பளிப்பூச்சின்னு சொல்லி வெச்சிருக்கறேன். தாய்க்குத் தோல் வியாதி, பையனுக்கும் வந்துரும்னு நீங்க நெனச்சுப்போட்டா என்ன பண்றதுன்னு வழி பூராவும் வெசனப்பட்டுட்டே வந்தேனுங்க.”

கவிதாதான் முதலில் சிரித்தாள். அழுது வீங்கின முகத்தோடு சிரித்தாள். அப்புறம் சம்பந்தியம்மா, அப்புறம் அக்கா. சிரித்தால் எரிகிறது என்று இரண்டு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பி, “உங்க மூஞ்சி மட்டும் எப்படிங்க இத்தன பளபளன்னு இருக்குது?” என்று கேட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. வீடியோக்காரர் இரண்டு விளக்கு கூடுதலாகப் போட்டார், பவுடரும் தாராளமாகப் போட்டோம். இங்கே வந்து, கல்யாண வீடியோ கேசட்டை அமெரிக்க டி.வி.யில் ஓடும்படி மாற்றிப் பதிவு செய்து வாங்கிப் போட்டதும் ப்ரீத்தி கேட்டது, “வை இஸ் எவ்ரிபடி ஸோ ஷைனி?”

7

மறுவீடு எல்லாம் முடிந்து, நான் புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஒரு பெரிய பிளாஸ்டிக் பையோடு அக்காவின் பீரோ முன்னால் உட்கார்ந்தேன். இன்னொரு தரம் யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது, கெட்டதையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று முடிவோடு இருந்தேன்.

சேலைகளை நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. நான் முதல் தடவை ஊருக்கு வந்தபோது கொடுத்த லோஷன், பிரிக்காத சோப்புகள், நுரைக்கும் என்று நான் செய்து காட்டின ஷாம்பு, பாதி ஆவியாகிப்போன சென்ட், ப்ரீத்தி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கொண்டுவந்து மறந்துவிட்டுப் போன பவுடர்கூட இருந்தது. எதிலும் விலை ஸ்டிக்கர் கிடையாது, எல்லாம் என் நகம் பட்டவை. இத்தனை வருஷமாக நான் நியூஜெர்சியில் சிநேகிதிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது இதைத்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்ல சாமான் கொடுத்துப் பிரயோஜனமில்லை, அனுபவிக்கத் தெரியாது, பூட்டி வைத்துக்கொள்வார்கள் என்பேன்.

ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

“என்ன அம்மணி பண்ற?”

“கெட்டுப்போனதுங்கக்கா எல்லாம். வாங்கிட்டு வர்றதே நீங்க போட்டுக்கறதுக்குத்தான. எதுக்கு இப்படிப் பூட்டி வெச்சிருக்கறீங்க?”

அக்கா பையைப் பார்த்தாள். கல்யாண வாரம் முழுக்க என்னைத் திட்டாதவள், அப்போதும் திட்டவில்லை.

“நீ வாரது வருசத்துக்கு ஒருக்காவா? நாலு வருசம் வரவேயில்ல. உன்ற மொகத்தப் பாக்கோணும்னு இருந்தா இதைத் தொறந்து பாப்பேன். எல்லாத்தையும் பூசித் தீத்துப்போட்டா, அப்பறம் நீ வந்துட்டுப் போனதுக்கு இந்த ஊட்டுல என்ன இருக்குது?”

பையைக் கவிழ்த்தேன். சோப்பையும் லோஷனையும் அந்தப் பவுடர் டப்பாவையும் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, எது எங்கே இருந்தது என்று அவளிடமே கேட்டு, பழையபடி அடுக்கினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

“மூஞ்சிக்கு மட்டும் போட மாட்டோம், நீ பயப்படாமப் போயிட்டு வா” என்றாள்.